இரத்தத் துளி யாருக்குச் சொந்தம்?

பள்ளி ஆய்வகத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தை அளந்திருப்பீர்கள். அந்த அளவுகளை நீங்கள் யாரிடம் காட்டினாலும் ஊசல் குண்டு வருத்தப்படப் போவதில்லை. ஆனால், அளக்கப்படுவது மனிதராக இருந்தால்? அந்த அளவுகள் யாருக்குச் சொந்தம்? அளந்தவருக்கா, அளக்கப்பட்டவருக்கா?

இக்கேள்வியை எழுப்பியவர்கள் ஹவாசுப்பாய் என்னும் பழங்குடி மக்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் ஆழத்தில் இருக்கிறது அவர்களது சுப்பாய் கிராமம். அங்கே செல்ல மோட்டார் சாலை கிடையாது. தபால்கூடக் கோவேறு கழுதையின் முதுகில்தான் வருகிறது! ஹவாசுப்பாய் மக்கள் மொத்தமே சில நூறு பேர்தான்.

இவர்களிடையே நீரிழிவு நோய் மிகுதி. அதன் காரணத்தை அறிய 1990ஆம் ஆண்டில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரத்த மாதிரிகளைச் சேகரிக்கத் தொடங்கினர். நோய் தீர வழி பிறக்கும் என்று நம்பி மக்களும் கையை நீட்டினர்.

இரத்தத்தின் வெள்ளணுக்களில் டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருள் உள்ளது. அதைச் சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட நூல் எனலாம். உறைநிலையில் வைத்தால் பல ஆண்டுகள் கெடாது. நீரிழிவுக்காக எடுத்த அதே மாதிரியில் வேறு செய்திகளையும் படித்துவிட முடியும்.

அப்படித்தான் நடந்தது. மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுக்குள் மணம், முன்னோரின் இடப்பெயர்ச்சி ஆகியவற்றை ஆராயவும் அந்த மாதிரிகள் பயன்பட்டன. முன்னோர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்ற கருத்து, பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாங்கள் என்னும் அவர்களது நம்பிக்கையைப் புண்படுத்தியது. 2003இல் அப்பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுரை ஒன்றைக் கேட்கச் சென்ற ஹவாசுப்பாய்ப் பெண் ஒருவர் மூலமே இச்செய்தி ஊருக்குத் தெரிந்தது. ஒப்புதல் படிவத்தின் வாசகம் விரிவானது என்பது உண்மைதான். ஆனால், மக்கள் புரிந்துகொண்டது நீரிழிவு ஆய்வு என்று மட்டுமே.

2004இல் வழக்குத் தொடரப்பட்டது. 2010இல் சமரசம் ஏற்பட்டது. 41 பேருக்கு 7 லட்சம் டாலர் தரப்பட்டது. எஞ்சிய இரத்த மாதிரிகளும் திரும்பக் கிடைத்தன.

"பெயர்களை நீக்கிவிட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தில் அது ஓரளவு போதும். சில நூறு பேரே வாழும் ஊரில், "இம்மக்களுக்கு இன்ன நோய்" என்று எழுதினால் அது அங்குள்ள ஒவ்வொருவர் மீதும் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? ஆகவே, தனி மனிதரின் கையெழுத்தோடு சமூகத்தின் ஒப்புதலும் தேவைப்படுகிறது.

இதற்கு வழி காட்டியவர்கள் கனடாவின் ஆதிகுடி மக்கள். தங்கள் சுகாதாரக் கணக்கெடுப்புக்காக அவர்கள் நான்கு நெறிகளை வகுத்தனர். தகவல்கள் சமூகத்துக்கே சொந்தம். ஆய்வின் கட்டுப்பாடு சமூகத்திடம் இருக்க வேண்டும். தகவல்களைப் பார்க்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு. அவற்றைக் கைவசம் வைத்திருப்பதும் சமூகமே. அமெரிக்காவின் நவாஹோ மக்களோ 2002இல் தங்கள் நிலத்தில் மரபணு ஆராய்ச்சியையே நிறுத்தி வைத்தனர்.

இதனால் விஞ்ஞானம் தடைப்படாதா? நம்பிக்கை உடைந்தால்தான் தடைப்படும். ஏமாந்தோம் என்று எண்ணுபவர் மறுமுறை கையை நீட்டமாட்டார். அப்போது நீரிழிவின் காரணம் தெரியாமலே போகும். நட்டம் நோயாளிக்கும்தான், விஞ்ஞானிக்கும்தான்.

நாளை உங்களில் சிலர் ஆராய்ச்சியாளர் ஆவீர்கள். சோதனைக் குழாயைக் கையில் எடுக்குமுன், அதில் இருப்பது யாருடையது என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளுங்கள்.