மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டி

1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருதல் தடைப்பட்டபோது, ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய முதிய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றுட் பலவற்றின் நெருக்கல் விகிதம் 7 அளவிலேயே நின்றமை அதற்கு இடந்தந்தது. ஆயினும் வலு குன்றிற்று. காரணம் யாதெனின், குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத துளிகள் அரைகுறையாய் எரிந்து, தீப்பொறிச் செருகியிலும் வால்வுகளிலும் கரியாய்ப் படியும். எஞ்சியவை உருளைச் சுவர்வழி இறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும்.

ஆதலின், சிறிது பெற்றோலாற் கிளப்பிச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். செருகியைக் கழற்றித் துடைத்தலும், தட்டொலி எழுந்தாற் தீப்பொறியைச் சற்றுப் பிந்தச் செய்தலும், காலத்துக்குக் காலம் கரி சுரண்டலும் வேண்டப்பட்டன. அளவுகோலில் மசகெண்ணெய் ஏறியிருக்கக் கண்டு மகிழ்தல் பேதைமை, ஏறியது மண்ணெண்ணெயே. அதனை உடனே வடித்து மாற்றல்வேண்டும்.