ஒரே நாளில் எல்லா வீரர்களும் 42-ம் எண் ஜெர்சி அணிவது ஏன்? யார் இந்த ஜாக்கி ராபின்சன்?

ஏப்ரல் 15-ம் தேதி அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் போட்டியைப் பார்த்தால் முதலில் குழப்பம்தான் வரும். இரண்டு அணியிலும் அத்தனை பேர் முதுகிலும் ஒரே எண், 42. பயிற்சியாளர்களும் அதே எண்ணோடுதான் நிற்பார்கள். மற்ற நாட்களிலோ அந்த எண்ணை எந்த அணியிலும் யாரும் போட முடியாது.

காரணம், 1947-ல் அந்த எண்ணோடு களமிறங்கிய ஒரு கறுப்பின வீரர். அவர் பெயர் ஜாக்கி ராபின்சன்.

எழுதப்படாத சட்டம்

கறுப்பினத்தவர் மேஜர் லீக்கில் ஆடக்கூடாது என்று விதிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இருந்ததில்லை. 1884-ல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் அந்த மட்டத்தில் ஆடியிருக்கிறார். அதன்பிறகு அணி உரிமையாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். சுமார் 60 ஆண்டுகள் அது திறக்கவே இல்லை.

கேட்டால், தடையா, அப்படி எதுவும் இல்லையே என்பார்கள். 1942-ல் லீக்கின் ஆணையர் கெனசா மவுன்டன் லேண்டிஸும் இதைத்தான் சொன்னார். ஆனால் 1944-ல் அவர் இறக்கும் வரை ஒரு கறுப்பின வீரர்கூட உள்ளே வரவில்லை. காகிதத்தில் இல்லாத தடையை நீதிமன்றத்தில் எதிர்ப்பதும் லேசான காரியம் இல்லை.

வேறு வழியில்லாமல் கறுப்பினத்தவர் தங்களுக்கென்று 'நீக்ரோ லீக்' போட்டிகளை நடத்தினார்கள். சாட்செல் பேஜ், ஜாஷ் கிப்சன் போன்ற ஜாம்பவான்கள் அங்கேதான் ஆடினார்கள்.

பேருந்தில் நகர மறுத்த ராணுவ அதிகாரி

ராபின்சன் 1919-ல் ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ரோ என்ற ஊரில் பிறந்தவர். அம்மா மேலி, ஐந்து பிள்ளைகளைத் தனியாளாக கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் வளர்த்தார். கடைக்குட்டிதான் ஜாக்கி. அண்ணன் மேக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளி வென்றவர்.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்க ஃபுட்பால், தடகளம் என நான்கிலும் ஜாக்கி பல்கலைக்கழக அணியில் இருந்தார். பிறகு ராணுவத்தில் சேர்ந்து லெப்டினன்ட் ஆனார்.

1944 ஜூலையில் டெக்சாஸ் ராணுவ முகாமில், பேருந்தின் பின்பக்கம் போய் உட்காரச் சொன்னார் ஓட்டுநர். ராபின்சன் மறுத்தார். விவகாரம் ராணுவ நீதிமன்றம் வரை போனது, கடைசியில் அவர் விடுதலையானார். ரோசா பார்க்ஸ் பேருந்தில் இடம் தர மறுத்து கைதானதற்கு 11 ஆண்டுகள் முன்பே நடந்த சம்பவம் இது.

'திருப்பி அடிக்கக் கூடாது'

ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் ப்ராஞ்ச் ரிக்கி, நிறத் தடையை உடைக்க ஒரு வீரரைத் தேடிக்கொண்டிருந்தார். மனசாட்சி ஒரு காரணம். நீக்ரோ லீக்கில் குவிந்து கிடந்த திறமையும், அதைப் பார்க்க வரும் ரசிகர் கூட்டமும் இன்னொரு காரணம்.

1945 ஆகஸ்ட் 28 அன்று, கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த ராபின்சனைக் கூப்பிட்டுப் பேசினார். வெள்ளையர்கள் எப்படியெல்லாம் திட்டுவார்கள் என்று ரிக்கியே நடித்துக் காட்டினாராம். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: யார் என்ன சொன்னாலும், என்ன செய்தாலும், திருப்பி அடிக்கக் கூடாது.

பேருந்தில் ஓர் இருக்கைக்காக ராணுவ விசாரணையையே சந்தித்த மனிதருக்கு இது எவ்வளவு கஷ்டம்னு யோசித்துப் பாருங்கள். ஆனால் அவர் ஒருமுறை கைநீட்டினால், 'இவங்களைச் சேர்த்தா இப்படித்தான்' என்று சொல்லி கதவை மறுபடி சாத்திவிடுவார்கள். அது தெரிந்துதான் ஒப்புக்கொண்டார்.

ஏப்ரல் 15, 1947

1946-ல் மான்ட்ரியல் ராயல்ஸ் அணியில் ஆடி, அந்த லீக்கின் சிறந்த பேட்டிங் சராசரியைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு ப்ரூக்ளினின் எபட்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் பாஸ்டன் பிரேவ்ஸுக்கு எதிராக மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். அன்று அவரால் ஒரு 'ஹிட்'கூட அடிக்க முடியவில்லை. ஆனாலும் ஒரு ரன் எடுத்தார், டாட்ஜர்ஸ் 5-3 என வென்றது.

அதற்கு முன்பே சொந்த அணி வீரர்கள் சிலர் அவருக்கு எதிராக மனு தயாரித்திருந்தார்கள். பிலடெல்ஃபியா அணியின் மேலாளர் பென் சாப்மேன் களத்திலேயே நிறத்தைச் சொல்லி விடாமல் வசைபாடினார். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. பிலடெல்ஃபியாவில் அணி வழக்கமாகத் தங்கும் ஹோட்டலே இடம் தர மறுத்தது.

ராபின்சன் வாய் திறக்கவில்லை. ஓடினார். பேஸ்பாலில் பந்து வீசப்படும் நேரத்தில், அடிக்காகக் காத்திராமல் அடுத்த பேஸுக்குப் பாய்வதை 'ஸ்டீல்' என்பார்கள். கொஞ்சம் பிசகினாலும் அவுட். முதல் சீசனிலேயே 29 ஸ்டீல், தேசிய லீக்கில் அதுதான் அதிகம். அந்த ஆண்டுதான் முதன்முறையாக வழங்கப்பட்ட 'சிறந்த புதுமுக வீரர்' விருதும் அவருக்கே கிடைத்தது.

பேசத் தொடங்கியபோது

1949-ல் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து ராபின்சன் விடுபட்டார். நடுவர்களிடம் வாதாடினார், எதிரணியினருக்குப் பதில் கொடுத்தார். அதே ஆண்டு .342 சராசரியோடு தேசிய லீக்கின் மதிப்புமிக்க வீரர் ஆனார். பொறுமையாக இருந்தவரைப் புகழ்ந்த பத்திரிகையாளர்களில் சிலர், இப்போது அவரைக் கோபக்காரர் என்று எழுதினார்கள்.

1955-ல் யாங்கீஸை வீழ்த்தி டாட்ஜர்ஸ் முதன்முறையாக வேர்ல்ட் சீரிஸ் வென்றபோது அவர் அணியில் இருந்தார். 10 சீசன்களுக்குப் பிறகு ஓய்வு. 1962-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் கறுப்பின வீரரும் அவர்தான்.

தடை உடைந்ததும் எல்லாம் மாறிவிட்டதா?

இல்லை. 1947 ஜூலையிலேயே லாரி டோபி கிளீவ்லேண்ட் அணியில் சேர்ந்தார். ஆனால் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஒரு கறுப்பின வீரரைக் களமிறக்க 1959 வரை ஆனது.

இன்னொரு பக்கமும் உண்டு. ராபின்சனை எடுத்ததற்காக மோனார்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு காசுகூட கொடுக்கவில்லை. நட்சத்திரங்கள் ஒவ்வொருவராகப் போக, ரசிகர்களும் அவர்கள் பின்னால் போனார்கள். கறுப்பினத்தவரே கட்டி வளர்த்த நீக்ரோ லீக்குகள் நாளடைவில் அழிந்தன. 2020-ல்தான் அவற்றில் ஏழு லீக்குகளை 'மேஜர் லீக்' தரம் என்று நிர்வாகம் அங்கீகரித்தது.

ராபின்சன் கடைசி வரை திருப்தியடைந்துவிடவில்லை. 1972 அக்டோபரில் வேர்ல்ட் சீரிஸ் மேடையில் அவரைக் கௌரவித்தபோது, ஒரு கறுப்பினத்தவர் அணியின் மேலாளராக நிற்பதைப் பார்த்தால்தான் இன்னும் பெருமைப்படுவேன் என்றார். அடுத்த 9 நாட்களில், 53 வயதில் காலமானார். ஃபிராங்க் ராபின்சன் கிளீவ்லேண்டில் முதல் கறுப்பின மேலாளராகப் பொறுப்பேற்று ஆடியது 1975-ல்.

42 என்ற எண்ணுக்கு எல்லா அணிகளிலும் ஓய்வு கொடுக்கப்பட்டது 1997-ல், அந்த முதல் ஆட்டத்தின் 50-வது ஆண்டில். ஏற்கெனவே அந்த எண்ணை அணிந்திருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அவர்களில் கடைசியாக ஆடிய யாங்கீஸ் வீரர் மரியானோ ரிவேரா 2013-ல் ஓய்வு பெற்றார்.