பகலில் பளிச், இரவில் மங்கல் - ஏன்?

ஊரில் தனியாக இருக்கும் அம்மாவிற்காக வாசலில் ஒரு கண்காணிப்பு கேமரா பொருத்தி, வீட்டுக் கம்ப்யூட்டருடன் இணைத்தேன். பகலில் படம் பளிச்சென்று இருந்தது. ஒரு நாள் நள்ளிரவில் யாரோ கேட்டைத் திறக்க முயன்றிருக்கிறார்கள். பதிவை ஓட்டிப் பார்த்தால் முகமே தெரியவில்லை. எல்லாம் மங்கல்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். குறை சாப்ட்வேரில்தான் இருக்கும் என்று எண்ணி இரண்டு இரவுகள் செட்டிங்ஸை மாற்றிப் பார்த்தேன். பயனில்லை. கடைசியில் லென்ஸ் வளையத்தைச் சற்றே திருகினேன். படம் தெளிந்தது! ஆனால் விடிந்ததும் பகல் படம் மங்கிவிட்டது. அப்போதுதான் குறை லென்ஸில் என்று புரிந்தது.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. இரவில் கேமரா பார்ப்பதோ அகச்சிவப்புக் கதிர்களில். என் கேமராவில் 850 நானோமீட்டர். பி.கே.7 என்ற பரவலான லென்ஸ் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் மஞ்சள் ஒளிக்கு 1.517, இந்தக் கதிருக்கு 1.510. சிறிய வித்தியாசம்தான். ஆனால் இக்கண்ணாடியில் மட்டும் செய்த 4 மி.மீ. லென்ஸில் ஒளி குவியும் இடம் சுமார் 0.05 மி.மீ. பின்னால் தள்ளிப் போகும். சென்சாரின் பிக்சல்கள் சில மைக்ரான்களே என்பதால், படம் மங்க இதுவே போதும்.

இதற்குத் தீர்வு கண்ணாடித் தேர்வில் இருக்கிறது. நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கிரவுன் கண்ணாடியில் குவிலென்ஸ், அதிகமாகப் பிரிக்கும் ஃபிளிண்ட் கண்ணாடியில் குழிலென்ஸ் என்று சேர்த்தால், ஒன்றின் பிழையை மற்றது சரிசெய்யும். இப்படிக் கண்ணாடிகளைப் பொருத்தமாகத் தேர்ந்து, இரண்டு ஒளியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் குவியும்படி செய்ததே 'ஐ.ஆர். கரெக்டட்' லென்ஸ்.

உடல் சூட்டையே படம் பிடிக்கும் தெர்மல் கேமராக்களுக்கு இந்தக் கண்ணாடிகள் உதவாது. பெரும்பாலும் அவை பார்க்கும் 8 முதல் 14 மைக்ரான் கதிர்கள் இவற்றின் வழியே செல்லாது. அங்கே ஜெர்மானியம், துத்தநாக செலினைடு போன்றவை பயன்படுகின்றன. 3 முதல் 5 மைக்ரான் என்றால் சிலிக்கான் குவிலென்ஸுடன் ஜெர்மானியம் குழிலென்ஸ் நல்ல ஜோடி. ஆம், உங்கள் பிராசசரில் இருக்கும் அதே சிலிக்கான்தான்!

என் கேமராவில் லென்ஸைக் கழற்றி மாட்டலாம் என்பதால் அதை மட்டும் மாற்றினேன். இப்போது இரவிலும் முகம் தெரிகிறது. அம்மாவும் நிம்மதியாகத் தூங்குகிறார். நீங்கள் கேமரா வாங்கும்போது மெகாபிக்சலை மட்டும் கேட்காதீர்கள். கடையில் விளக்கை அணைக்கச் சொல்லி, போகஸைத் தொடாமல் ஒரு முறை பார்த்துவிட்டு வாங்குங்கள்.