விலை உயர்ந்த மரச்சாமான்கள்: பயனா, பகட்டா?

ஒரு வீட்டிற்குள் நுழைந்ததும் நம் கண்ணில் முதலில் படுவன நாற்காலி, மேசை, கட்டில், பீரோ முதலிய சாமான்களே. அவற்றைக் கொண்டே அவ்வீட்டாரின் வசதியை அளந்துவிடுகிறது உலகம். ஆகவேதான் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தை ஒரு சோபாவில் போடுவோர் உண்டு. “உட்காரத்தானே, எதுவாய் இருந்தால் என்ன?” என்று மலிவாக வாங்கி, மூன்றாம் ஆண்டே காலொடிந்த நாற்காலியை மொட்டை மாடியில் ஏற்றுவோரும் உண்டு. இவ்விருவரில் யார் செய்தது சரி? அதிக விலை கொடுப்பது பயனுள்ளதா, வீணா? இதற்கு விடை காண, எங்கள் வகுப்பு மாணவியர் சிலர் ஒரு தச்சுப் பட்டறைக்கும் இரண்டு மரச்சாமான் கடைகளுக்கும் சென்று வந்தோம், நூலகத்திலும் தேடினோம். அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில், விலை எதற்காக என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு மரத்திற்கு. ஒரு பங்கு தச்சரின் வேலைக்கு. மூன்றாவது பங்கு மெருகு, மெத்தை, பூ வேலைப்பாடு, கடையின் பெயர் ஆகியவற்றுக்கு. முதலிரண்டும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியா. மூன்றாவதோ கண்ணைப் பறிக்கும். குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

மரத்தை முதலில் பார்ப்போம். தேக்குக்கு ஏன் இத்தனை மதிப்பு? முற்றிய மரத்தின் உட்பகுதியை “வைரம்” என்பர். தேக்கின் வைரத்தில் இயற்கையாகவே ஓர் எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் கறையான் எளிதில் அணுகாது. வெயிலுக்கும் மழைக்கும் அது அதிகம் வளையாது. ஆனால் வைரம் பாய ஆண்டுகள் பல வேண்டும். மலபார் கலெக்டராக இருந்த கனோலி என்பவரின் முயற்சியால் கேரளத்து நிலம்பூரில் 1840-களில் நடப்பட்ட தேக்கு மரங்களில் சில இன்றும் நிற்கின்றன. தோட்டத் தேக்கை வெட்ட 50, 60 ஆண்டுகள் காத்திருப்பது அங்கு வழக்கம். தாத்தா நட்டதைப் பேரன் வெட்டுகிறான்! ஆகவே தேக்கின் விலை என்பது காலத்தின் விலையே.

ஆனால் அதே தேக்கின் வெளிப்பகுதியான வெளிற்றில் இந்தக் காப்பு இல்லை. அது வெளுத்திருக்கும், பூச்சி அரிக்கும். அதற்குச் சாயம் ஏற்றி விற்றால் பெயர் தேக்கு, குணம் தேக்கன்று. மறுபுறம், நன்றாக முற்றிய வேம்பு, பூவரசு, பலா, வாகை போன்ற மரங்கள் குறைந்த விலையில் கிடைத்து, நெடுங்காலம் உழைக்கின்றன. மரத்தின் பெயரை மட்டும் கேட்பது போதாது என்பது இதனால் விளங்கும்.

மரம் காய்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வதை நாம் அறிவோம். மரம் ஈரத்தை உறிஞ்சினால் குறுக்குவாட்டில் பருக்கும்; காய்ந்தால் சுருங்கும்; நீளவாட்டில் ஏறத்தாழ மாறுவதே இல்லை. பச்சை மரத்தில் அவசரமாகச் செய்த மேசை, கோடைக்காலத்தில் வெடிப்பதற்கு இதுவே காரணம். நல்ல பட்டறைகளில் பலகைகளை இடைவெளி விட்டு அடுக்கி, பல மாதங்கள் நிழலில் உலர்த்துகிறார்கள். அல்லது சூளையில் உலர்த்தி வாங்குகிறார்கள். அந்தக் காத்திருப்புக்கும் விலை உண்டு.

அடுத்து வேலை. இரு கட்டைகளைச் சேர்க்க எளிய வழி ஆணி அடிப்பது. ஆனால் நாற்காலியில் நாம் உட்காரும்போதும், சாயும்போதும், அதை இழுக்கும்போதும் அதன் மூட்டுகள் மேலும் கீழும் அசைகின்றன. நாளடைவில் ஆணித்துளை பெரிதாகிறது. நாற்காலி ஆடத் தொடங்குகிறது. தேர்ந்த தச்சரோ ஒரு கட்டையின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, மற்றொரு கட்டையில் அதே அளவு குழி வெட்டி, இரண்டையும் பசையிட்டுச் செருகுகிறார். மரம் மரத்தையே பிடித்துக்கொள்கிறது. பட்டறையில் ஒரு நாற்காலியின் மூட்டுகளைப் பொருத்துவதை நாங்கள் நின்று பார்த்தோம். ஒரு மயிரிழை பெரிதானால் நுழையாது. ஒரு மயிரிழை சிறிதானால் பிடிக்காது. பலமுறை இழைத்து இழைத்துப் பார்த்த பின்னரே அவர் சுத்தியலை எடுத்தார். செருகிய பின் அந்த வேலை முழுவதும் உள்ளே மறைந்துவிடுகிறது. வாங்க வருபவர் அதைக் காணவே மாட்டார்!

மூன்றாவது, தோற்றம். கடைகளில் பளபளக்கும் அலமாரிகள் பல, முழு மரத்தால் ஆனவை அல்ல. மரச் சீவல்களையும் தூளையும் பிசினுடன் சேர்த்து அழுத்திப் பலகையாக்கி, அதன்மேல் மெல்லிய தாளையோ மரத்தோலையோ ஒட்டுகிறார்கள். இதனைக் குறையாகவே சொல்லிவிட முடியாது. மரம் மிச்சமாகிறது, விலையும் குறைகிறது. ஆனால் சாதாரணத் தூள் பலகையில் தண்ணீர் புகுந்தால் ஊதிவிடும். ஒருமுறை கழற்றிய திருகாணி அதே துளையில் மீண்டும் இறுகாது. அடிக்கடி வீடு மாறும் குடும்பத்திற்கு இது பெருந்தொல்லை. பிளைவுட் என்பது வேறு. மரத்தை மெல்லிய ஏடுகளாக உரித்து, ஓர் ஏட்டின் நார் நெடுக்காகவும் அடுத்ததன் நார் குறுக்காகவும் அமையும்படி ஒட்டுவதால், அது எளிதில் வெடிப்பதில்லை. இரும்புப் பீரோவிலும் இத்தகைய செய்தி ஒன்று உண்டு. அதன் தகட்டின் கனத்தை “கேஜ்” எண்ணால் சொல்வார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும்! 22 கேஜ் தகட்டைவிட 18 கேஜ் தகடே கனமானது. இதை அறியாமல் பெரிய எண்ணைக் கேட்டு மகிழ்வோர் உண்டு.

அப்படியானால், நல்லவை எல்லாம் விலை மிகுந்தவையாகத்தான் இருக்குமோ? இல்லை என்பதற்கு இரண்டு நாற்காலிகளின் வரலாறே சான்று.

முதலாவது ஐரோப்பாவில் பிறந்தது. 1859-ஆம் ஆண்டு மைக்கேல் தோனெட் என்பவரின் தொழிற்சாலை, மரக்கம்புகளை நீராவியில் இளக்கி வளைத்து “14-ஆம் எண்” நாற்காலியைச் செய்தது. 6 மரத்துண்டுகள், 10 திருகாணிகள், 2 மரைகள், அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. எனவே கப்பல் கூலியும் குறைந்தது. சாதாரணக் காப்பிக் கடைகளும் வாங்கக்கூடிய விலையில், 1930-ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 5 கோடி நாற்காலிகள் விற்றன. மலிவு, உறுதி, அழகு மூன்றும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை அது காட்டியது.

இரண்டாவது நம் நாட்டைச் சேர்ந்தது. 1950-களில் சண்டிகர் நகரம் எழுந்தபோது, அங்குள்ள அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பியேர் ஜீன்னரே என்பவரும் அவருடைய குழுவினரும் தேக்காலும் பிரம்பாலும் எளிய நாற்காலிகளை வடிவமைத்தனர். காலம் செல்லச் செல்ல அவை பழையனவாகிக் குவியல் குவியலாகக் கழித்துவிடப்பட்டு, அற்ப விலைக்கு ஏலம் போயின. பின்னர் அவற்றையே வெளிநாட்டு ஏலங்களில் செல்வந்தர்கள் இலட்சக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கினர். 2011-இல் அவற்றை விற்பதற்கும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் மத்திய அரசு தடை விதிக்க நேர்ந்தது. அதே மரம், அதே பிரம்பு. விலை மட்டும் வானுக்கும் மண்ணுக்குமாக மாறியது. விலை வேறு, பயன் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நாங்களே எடுத்துக்கொண்டவை. ஒரு நாற்காலி 1,500 ரூபாய். 3 ஆண்டுகள் உழைக்கிறது. மற்றொன்று 9,000 ரூபாய். 30 ஆண்டுகள் உழைக்கிறது. முதலாவதற்கு ஆண்டுக்கு 500 ரூபாய் ஆகிறது. இரண்டாவதற்கு 300 ரூபாய்தான். முப்பது ஆண்டுகளில் மலிவு நாற்காலிகள் பத்து வாங்கினால் மொத்தம் 15,000 ரூபாய். எனவே விலை கூடியதே இலாபம் என்று தோன்றும்.

ஆனால் அந்த 9,000 ரூபாய் கையில் இல்லாமல் “இரண்டு வட்டிக்கு” வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மாதம் 180 ரூபாய் வட்டி. மூன்று ஆண்டுகளுக்கு 6,480 ரூபாய். அதன் பிறகு முதலைத் திருப்பினால், நாற்காலிக்கு ஆன செலவு 15,480 ரூபாய். பத்து மலிவு நாற்காலிகளின் விலையைவிட இது அதிகம்! பொருள் நல்லதுதான், பணந்தான் நம்முடையது அன்று. “விரலுக்குத் தகுந்த வீக்கம்” என்று நம் பெரியோர் சொன்னது எத்தனை பொருத்தம்!

இந்தக் கணக்கு பெண்களாகிய நம்மை நேரே தொடுகிறது. நம் ஊர்களில் திருமணம் என்றதும் கட்டில், பீரோ, சோபா என்று சீர்ப் பட்டியல் நீள்கிறது. அண்டை அயலார் பார்க்க அவை வண்டியில் ஏறிச் செல்ல வேண்டும். அங்கே மூட்டையும் வைரத்தையும் யார் ஆராய்கிறார்கள்? பூ வேலைப்பாடும் பளபளப்புமே முன்னிற்கின்றன. கட்டில் ஆடத் தொடங்கிய பின்பும் அதற்கு வாங்கிய கடன் ஆடாமல் நிற்கிறது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி, வரதட்சணை கேட்பது மட்டுமன்று, கொடுப்பதும் வாங்குவதும் குற்றமே. மனமுவந்து தரும் பரிசுகளுக்கும் பட்டியல் எழுதி வைக்க வேண்டும். பெண் வீட்டார் தருவது அவர்கள் வசதிக்கு மிஞ்சியதாக இருத்தலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆயினும் “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்ற அச்சம் சட்டத்தைவிட வலிமையாக இருப்பதைக் காண்கிறோம்.

ஆகவே, கையில் பணம் இருந்து வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைக் கூறுகிறோம். பொருளைக் கவிழ்த்துப் பாருங்கள். மெருகு ஏறாத அடிப்பக்கம் உண்மை மரத்தைக் காட்டிவிடும். பலகையின் விளிம்பைப் பாருங்கள். முழு மரமானால் மேற்புறத்துக் கோடுகளின் தொடர்ச்சி விளிம்பிலும் இருக்கும், ஒட்டுப் பலகையானால் தனிப்பட்டை ஒட்டியிருக்கும். நாற்காலியின் எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம். இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்து, மூலைகள் செருகப்பட்டுள்ளனவா, வெறும் ஆணியா என்று நோக்குங்கள். கனமாக இருப்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். தூள் பலகையும் கனக்கும். “தேக்கு” வேறு, “தேக்கு ஃபினிஷ்” வேறு. எது என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நாள்தோறும் உழைக்கும் சாமானுக்கு, அதாவது படுக்கும் கட்டிலுக்கும் படிக்கும் மேசைக்கும், சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீணன்று. அது நல்ல மரத்தையும் நல்ல தச்சரையும் வாழ வைக்கும். விருந்தாளி வரும்போது மட்டும் போர்வை விலகும் சோபாவுக்குக் கொடுப்பதுதான் வீண்.

பெற்றோருக்கு எங்கள் பணிவான வேண்டுகோள் ஒன்று. பின்னாளில் கடன் வாங்கிச் சீராகத் தர நினைக்கும் சித்திரக் கட்டில் எங்களுக்கு வேண்டாம். இன்று, தேர்வுக்குப் படிக்க, முதுகு வலிக்காத ஒரு நாற்காலியும், எழுதும்போது ஆடாத ஒரு மேசையும் இருந்தால் போதும். அது தேக்காக இல்லாவிட்டாலும் நாங்கள் குறைப்பட மாட்டோம்.

– பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு