போதிக்க வந்தவர்கள் கற்ற பாடம்



மறைப்பணியாளர் என்றதும் நம் மனத்தில் எழும் உருவம் எது? நீண்ட வெண்ணிற அங்கி, நரைத்த தாடி, கையிலே ஒரு சிலுவை. ஆலயச் சுவர்களில் தொங்கும் படங்களில் அவர்களை முதியவர்களாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் அவர்களுள் பலர் நம் கரையில் வந்து இறங்கியபோது இருபதுகளில் இருந்த இளைஞர்கள். நம் வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழக விடுதியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "சாப்பாடு சரியில்லை அம்மா" என்று குறைபட்டுக்கொள்ளும் அதே வயது. வீட்டு நினைவு வாட்டும் வயது.

அந்த வயதில் ஒருவன் தாய்மொழியை விட்டு, தாய்நாட்டை விட்டு வந்தானே. அவனது ஒரு நாள் எப்படிக் கழிந்திருக்கும்? அந்த நாள்கள் அவனை எவ்வாறு வளர்த்திருக்கும்? இதை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையின் அண்மைக் கால வரலாற்றைப் புரட்டினால் போதும்.

ஆட்சியாளர் புறப்பட்ட ஆண்டில்

1893ஆம் ஆண்டு திருகோணமலை மறைமாவட்டம் தோற்றுவிக்கப்பட்டது. மட்டக்களப்பும் அதனுள் அடங்கியிருந்தது. அதன் பொறுப்பு இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் பிரெஞ்சு நாட்டுத் துறவிகள் பணியாற்றினர். அவர்களுக்குப் பின் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து, இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தோர் வந்தனர்.

அவ்வாறு வந்தவர்களுள் இருவரை இன்று நினைவுகூர்வோம். ஒருவர் யூஜின் ஜோன் ஹெபர்ட். லூசியானா மாநிலத்தின் ஜெனிங்ஸ் என்னும் சிற்றூரில் 1923ஆம் ஆண்டு பிறந்தவர். மற்றவர் பெஞ்சமின் ஹென்றி மில்லர். நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1925இல் பிறந்தவர். இருவரும் இலங்கைக்கு வந்தது 1948ஆம் ஆண்டில். அப்போது இருவரும் குருப்பட்டம் பெறாத, பயிற்சியிலிருந்த இளந்துறவிகளே.

அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். 1948 பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. நூற்றைம்பது ஆண்டுகள் ஆண்ட வெள்ளையர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிய காலம் அது. ஆள வந்தவர்கள் புறப்பட்ட அதே ஆண்டில், ஆளும் நோக்கம் சிறிதுமின்றி இரண்டு வெள்ளை இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள்.

இளைஞர்களை இவ்வாறு அனுப்பிவைக்கும் வழக்கம் பிற சபைகளிலும் உண்டு. யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மோர்மோன் சபையினர், 18 வயது நிரம்பிய ஆண்பிள்ளைகளை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பின் அறியாத ஊர்களுக்கு அனுப்புகின்றனர். செல்லும் ஊரைத் தெரிவுசெய்வது அந்த இளைஞனல்ல, சபையின் தலைமை. அதிகாலையில் எழுதல், மறைநூல் படித்தல், மொழி பயிலுதல், எங்கு சென்றாலும் ஒரு தோழனோடு இருவராகவே செல்லுதல் என்பன அவர்களது ஒழுங்கு. அவர்களது நம்பிக்கை வேறு, நமது நம்பிக்கை வேறு. ஆயினும் மகனை வழியனுப்பும் தாயின் கண்ணீர் எங்கும் ஒன்றே. அவர்கள் இரண்டு ஆண்டுகளில் வீடு திரும்புகின்றனர். வாவிக்கரைக்கு வந்த இவ்விருவரோ வாழ்நாள் முழுவதையும் இங்கேயே செலவிட்டனர்.

ஓர் இளந்துறவியின் நாள்

அக்காலத்து இயேசு சபை இளந்துறவியின் நாளில் வியப்பூட்டும் நிகழ்ச்சிகளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். விடியுமுன் எழ வேண்டும். ஒரு மணி நேரம் தனித்திருந்து தியானிக்க வேண்டும். பின்னர் திருப்பலி. காலை உணவு. அதன் பிறகு பாடசாலை மணி; கரும்பலகை, சுண்ணக்கட்டி, திருத்த வேண்டிய பயிற்சிக் கொப்பிகள். மாலையில் மாணவரோடு மைதானம். இரவில் மறுநாளைய பாடத்துக்கான ஆயத்தம். எப்போதாவது வீட்டுக்கு ஒரு கடிதம். அது கடல் கடந்து போய், பதில் வந்து சேர வாரங்கள் பல செல்லும். வீட்டிலே நோய், மரணம் என்றாலும் செய்தி காலந்தாழ்ந்தே வரும்.

இவற்றுக்கிடையே ஒன்றை மட்டும் அவர்கள் தவறவிடுவதில்லை. நண்பகலில் ஒரு முறையும் உறங்கச் செல்லுமுன் ஒரு முறையும் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது புனித இஞ்ஞாசியார் விதித்த ஒழுங்கு. முதலில் இறைவனுக்கு நன்றி கூற வேண்டும். அவரது ஒளியை இறைஞ்சி, கடந்த நேரத்தை மணிக்கணக்காகப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். எங்கே சினந்தேன், யாரை அலட்சியம் செய்தேன் என்று கண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். வரும் நாளுக்காகத் தீர்மானம் செய்ய வேண்டும். வகுப்பறையில் ஒரு சிறுவனிடம் காட்டிய பொறுமையின்மைகூட அன்றிரவே அங்கே வந்து நிற்கும். ஆண்டுக்கு எழுநூறு தடவைக்கு மேல் இவ்வாறு தன் உள்ளத்தைப் பார்க்கும் ஒருவன் வளராமல் இருக்க முடியுமா?

மொழி கற்பித்த தாழ்மை

தாம் வாழும் நாட்டின் மொழியைக் கற்க வேண்டும் என்பது இயேசு சபையின் சட்டம். அச்சபையின் முதல் மறைப்பணியாளரான புனித பிரான்சிஸ் சவேரியார், 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனனம் செய்தார். கையிலே மணியை ஒலித்தபடி தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரை அழைத்தார். கற்றறிந்த பாரிஸ் பல்கலைக்கழகப் பட்டதாரி, மீனவச் சிறுவர் முன் தடுமாறித் தடுமாறித் தமிழ் பேசினார்.

பிறமொழியாளனுக்குத் தமிழ் எளிதன்று. லகர, ளகர, ழகர வேறுபாடு ஒரு மலை. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையேயுள்ள தூரம் இன்னொரு மலை. இலக்கண நூலைக் கரைத்துக் குடித்துவிட்டு மட்டக்களப்புத் தெருவில் இறங்குபவனை "மறுகா வாங்க" என்னும் சொல் திகைக்க வைக்கும். "பிறகு" என்பதற்கு இவ்வூரார் வழங்கும் சொல் அது என்பதை எந்த நூல் அவனுக்குச் சொல்லும்? சந்தையில் மீன் விற்கும் ஆச்சியும் வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் மாணவனுமே சொல்ல வேண்டும். ஆசிரியராக வந்தவன் அவர்கள் முன் மாணவனாக நிற்க வேண்டும். பிழையாக உச்சரிக்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். அவனும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பழக வேண்டும்.

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை இன்று எடுத்து வாசித்துப் பாருங்கள். சீடரை இருவர் இருவராக அனுப்பும் ஆண்டவர், எதை முதலில் செய்யப் பணிக்கிறார்? நுழையும் வீட்டுக்குச் சமாதானம் வாழ்த்தச் சொல்கிறார். பின்னர் வீடு விட்டு வீடு மாறாமல் அங்கேயே தங்கச் சொல்கிறார். தருவதை உண்ணச் சொல்கிறார். நோயுற்றோரைக் குணமாக்கச் சொல்கிறார். இறையாட்சியைப் பற்றிப் பேசும் கட்டளை இவற்றுக்குப் பின்னரே வருகிறது. தங்குதலும் உண்ணுதலும் போதனைக்கு முந்தியவை. பிட்டும் மீன்குழம்பும் எருமைத் தயிரும் தந்த வீடுகளில் உட்கார்ந்து உண்ணத் தெரிந்தவனுக்கே வாவிக்கரை மக்கள் செவிசாய்த்தார்கள்.

தங்கியவர்கள்

ஹெபர்ட் அடிகளார் கூடைப்பந்துப் பயிற்றுநராகப் பெயர்பெற்றார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் மாணவரைப் பயிற்றுவித்தார். அவரது சபைத் தோழரான ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரை மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கு இன்றும் தாங்கி நிற்கிறது. விளையாட்டை இவர்கள் பொழுதுபோக்காக மட்டும் எண்ணவில்லை. பந்தைத் தானே வைத்திராமல் தோழனுக்குக் கொடுக்கப் பழகும் மாணவன், வாழ்க்கையிலும் அதைச் செய்வான் என நம்பினார்கள். பிற்காலத்தில் ஹெபர்ட் அடிகளார், இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் தொழிற்பயிற்சி நிலையமொன்றை மட்டக்களப்பில் பொறுப்பேற்று நடத்தினார்.

பின்னர் போர் வந்தது. வெளிநாட்டவருக்குத் திரும்பிச் செல்ல வழி திறந்தே இருந்தது. ஆனால் இவர்கள் தங்கினார்கள். 1990 ஆகஸ்ட் மாதத்தை மட்டக்களப்பு மக்கள் மறக்க இயலாது. தமிழரும் முஸ்லிம்களும் மாறி மாறிக் கொல்லப்பட்ட மாதம் அது. அந்த மாதம் 15ஆம் திகதி, அன்னை மரியாளின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, ஹெபர்ட் அடிகளார் ஒரு தமிழ் இளைஞரோடு தமது ஸ்கூட்டரில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். ஏறாவூர் வழியே செல்லும் அந்தப் பாதையில் அவர்கள் மறைந்து போனார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. கல்லறை இல்லை. அப்போது அடிகளாருக்கு வயது 66.

வாசகர்களே, இங்கே சற்று நில்லுங்கள். 24 வயதில் இம்மக்களின் மொழியைக் கற்கத் தொடங்கியவர், அவர்களது உணவையும் நகைச்சுவையையும் தனதாக்கிக்கொண்டவர், இறுதியில் அவர்களது மிகக் கொடிய துயரையும் தனதாக்கிக்கொண்டார். வாவிக்கரையின் எத்தனையோ தாய்மார் "என் பிள்ளை எங்கே?" என்று கேட்கிறார்கள். லூசியானாவில் உள்ள ஒரு குடும்பமும் அதே கேள்வியைக் கேட்க நேர்ந்தது.

மில்லர் அடிகளாருக்கு வேறொரு வழி விதிக்கப்பட்டிருந்தது. அவர் உயிரோடிருந்து கேட்க வேண்டியவரானார். மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இணைந்து, காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்களைப் பதிவு செய்தார். அழுதுகொண்டு வரும் ஒரு தாயிடம், பெயர் என்ன, எந்நாளில், எவ்விடத்தில் என்று கேட்டு எழுதுவதற்கு மொழியறிவு மட்டும் போதாது. அவள் அழுது முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை ஒரே நாளில் வருவதன்று. அது விடியற்காலைத் தியானத்திலும், சிறுவரின் பயிற்சிக் கொப்பிகளிலும், இரவுச் சோதனையிலும் சிறுகச் சிறுகச் சேர்வது. 2019 ஜனவரி முதலாம் நாள், தமது 93ஆவது வயதில், அவர் மட்டக்களப்பிலேயே இறைவனடி சேர்ந்தார். வந்து எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

நமக்கு என்ன?

நாம் எல்லோரும் கடல் கடந்து செல்ல அழைக்கப்படவில்லை. பிரான்சிஸ் சவேரியாரோடு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராக 1927இல் அறிவிக்கப்பட்ட லிசியே நகர்ப் புனித தெரேசா, மடத்துச் சுவருக்குள் வாழ்ந்து, 24ஆம் வயதில் மறைந்தவர். நடைவராந்தாவைக் கூட்டுவதையும், எரிச்சலூட்டும் சகோதரியைப் பார்த்துப் புன்னகைப்பதையும் அவர் மறைப்பணியாக்கினார். ஆகவே, அடுக்களையிலும் அலுவலகத்திலும் இருக்கும் நமக்கும் இந்த வழி திறந்தே உள்ளது.

இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்ததும் ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள். இன்று எதற்கு நன்றி கூறுவேன், யார் மனத்தை நோகச் செய்தேன் என்று ஒவ்வொருவரும் தமக்குள் பார்க்கட்டும். ஒரு மாதம் தவறாமல் செய்து பாருங்கள். கணவன் மனைவியரிடையே, பெற்றோர் பிள்ளைகளிடையே பேச்சின் தொனி மாறுவதைக் காண்பீர்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளும் இன்று கனடாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் புறப்படுகிறார்கள். எவ்வளவு அனுப்பினாய் என்று மட்டும் அவர்களிடம் கேளாதீர்கள். அவ்வூரில் யாருக்கு நண்பனானாய், யாருடைய துன்பத்தைக் கேட்டாய் என்றும் கேளுங்கள். ஒரு மகனோ மகளோ துறவறத்தை நாடினால், அந்த விருப்பத்தைக் கேலி செய்து அணைத்துவிடாதீர்கள். ஜெனிங்ஸிலும் நியூ ஓர்லியன்ஸிலும் இரண்டு குடும்பங்கள் தம் பிள்ளைகளைத் தந்ததால் அல்லவா நம் பிள்ளைகள் படித்தார்கள்?

உங்கள் ஊரில் காணாமல் போன பிள்ளையின் படத்தோடு இன்னமும் காத்திருக்கும் ஒரு தாய் இருந்தால், இந்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவள் வீட்டுக்குச் செல்லுங்கள். ஆறுதல் வார்த்தைகளை அவசரமாகச் சொல்ல வேண்டாம். அவள் தரும் தேநீரைப் பருகி, சற்று நேரம் அவளோடு இருங்கள். அவள் பேசத் தொடங்கினால் கேளுங்கள்.

ஆண்டவரே, எம்மை எங்கே அனுப்புகிறீரோ அங்கே தங்கியிருக்கும் மனத்தை எமக்குத் தாரும். ஆமென்.