பெட்டி வரட்டும்

நிலா இல்லாத நாளாகப் பார்த்து, இரவு ஒன்பதரை மணிக்குப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நின்று கிழக்கே பாருங்கள். சாலை விளக்கின் வெளிச்சம் கருங்கற்கள் வரைக்கும்தான். அதற்கப்பால் அலை நுரை கொஞ்ச தூரம் வெள்ளையாகத் தெரியும். பிறகு ஒரே கறுப்பு. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. தூரத்தில் இரண்டு மூன்று வெளிச்சப் புள்ளிகள் இருக்கும். அவை விசைப்படகா, நட்சத்திரமா என்று பக்கத்தில் நிற்பவரோடு பந்தயம் கட்டலாம்.

2015 ஜூன் 8 அப்படிப்பட்ட இரவு. பௌர்ணமி கழிந்து ஆறாம் நாள். நிலா எழ நடுராத்திரி நெருங்கிவிடும். அன்று மாலை ஐந்தரை மணிக்குச் சென்னையிலிருந்து கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ஒன்று ரோந்துக்குக் கிளம்பியது. எண் சிஜி-791. உள்ளே இரண்டு விமானிகள், வழி பார்க்க ஓர் அதிகாரி. மூவரும் துணை கமாண்டன்ட்கள். தமிழகக் கரையையும் பாக் நீரிணைப் பக்கத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்ப வேண்டியவர்கள். ஒன்பது மணிக்குப் பேசினார்கள். 9.23-க்குத் திருச்சி ரேடாரில் காரைக்காலுக்கு அப்பால் கடல் மேல் ஒரு புள்ளியாகத் தெரிந்தார்கள். பிறகு அந்தப் புள்ளி இல்லை.

டோர்னியர் 228 நம் ஊருக்கு அந்நியமான விமானம் இல்லை. 1989-இல் லாஸ்பேட்டையில் விமான நிலையம் திறந்தபோது வந்து இறங்கிய வாயுதூத் விமானங்கள் இதே ரகம்தான். ஜெர்மானிய வடிவமைப்பு, கான்பூர் எச்.ஏ.எல். தயாரிப்பு, பத்தொன்பது பேர் உட்காரலாம். இறக்கை தலைக்கு மேலே இருக்கும், மூக்கு கூராக நீண்டிருக்கும். ஓடுபாதை வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு அதை வேடிக்கை பார்த்த பையன்களுக்கு இன்று ஐம்பது வயதாகிறது. காணாமல்போனதோ பழைய விமானம் அல்ல. 2014-இல்தான் படையில் சேர்ந்தது. ‘ஓட்டை விமானம், விழுந்துவிட்டது’ என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. ஆனாலும் சொன்னார்கள்.

லாஸ்பேட்டையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் உண்டு. விமானப்படையில் போக்குவரத்து விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். பத்திரிகைக்காரன் புத்தி, நாலு வரி கிடைக்காதா என்ற நப்பாசை. டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. “என்ன சார் ஆகியிருக்கும்?” என்றேன். “தெரியாது தம்பி. பெட்டி வரட்டும்” என்றார். அவ்வளவுதான்.

அதற்காக அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். எந்த உயரத்தில் பறந்தார்கள்? நேற்று ராத்திரி காற்று எந்தப் பக்கம்? மேகம் எவ்வளவு கீழே? கடைசியாகப் பேசியபோது குரலில் அவசரம் இருந்ததா? எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியாது. அவரும் என்னிடம் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த விமானத்தை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

விமானிகள் துக்கம் கேட்கும் முறை பெரும்பாலும் இதுதான். நமக்கு ஒரு விபத்தென்றால் எத்தனை பேர், யார் தப்பு என்ற இரண்டு கேள்வி. அவர்களுக்கு எந்த ரகம், எத்தனை மணி, என்ன வானிலை என்று தொடங்கும். இறந்தவரின் கடைசி அரைமணி நேரத்தைத் தங்கள் கையால் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. வெளியிலிருந்து பார்த்தால் ஈரமில்லாத பேச்சு போலத் தெரியும். எனக்கும் அன்று அப்படித்தான் தெரிந்தது.

பேச்சு வாக்கில், மிச்சக் காபி இருந்த டம்ளரை எடுத்துச் சாய்த்துக் காட்டினார். காபி விளிம்புக்கு வந்து மேஜையில் ஒரு சொட்டு விழுந்தது. “இங்கே கொட்டும். மேலே கொட்டாது” என்றார். விமானம் சீராகச் சாய்ந்து திரும்பும்போது டம்ளரிலுள்ள காபி டம்ளரோடு சேர்ந்தே சாய்ந்து நிற்கும். உட்கார்ந்திருப்பவரின் காதுக்குள் இருக்கும் நீரும் அப்படியே. உடம்பு நேராக இருக்கிறோம் என்று சத்தியம் செய்யும். பகலென்றால் வெளியே அடிவானம் இருக்கிறது, பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கறுப்புக் கடல் மேல் அடிவானம் கிடையாது. எதிரே பலகையிலுள்ள செயற்கை அடிவானக் கருவியை மட்டும் நம்ப வேண்டும், தன் உடம்பை நம்பக் கூடாது. 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத இருபது பேரை வெளியே ஒன்றும் தெரியாதபடி மறைத்து விமானம் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 178 விநாடியில் விமானம் கைமீறிப் போனது. இருபது பேரில் ஒருவரும் விதிவிலக்கில்லை.

கடலோரக் காவல்படை விமானிகள் அப்படிப் பயிற்சி இல்லாதவர்கள் அல்லர். இரவில் கடல் மேல் பறப்பதே அவர்கள் வேலை. அன்று நடந்தது இதுதான் என்று பெரியவரும் சொல்லவில்லை, நானும் சொல்ல வரவில்லை. அந்த இருட்டு எப்படிப்பட்டது என்று எனக்குப் புரியவைக்க அவரிடம் ஒரு டம்ளர்தான் இருந்தது.

அந்த வருடம் டோர்னியர் ஓட்டுபவர்களுக்கு இது இரண்டாவது அடி. மார்ச் 24-ஆம் தேதி இரவு கோவாவுக்கு அப்பால் கடற்படையின் டோர்னியர் ஒன்று கடலில் விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் லெப்டினன்ட் கிரண் ஷெகாவத், பணியில் உயிர்விட்ட முதல் கடற்படைப் பெண் அதிகாரி. மூன்றாமவரான கமாண்டர் நிகில் ஜோஷியைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியவர்கள் மீனவர்கள். அதிலிருந்து எழுபத்தாறாம் நாள் சிஜி-791.

மீனவர்கள் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வீராம்பட்டினத்திலோ வம்பாகீரப்பாளையத்திலோ ஒரு படகு சொன்ன நேரத்துக்குக் கரைக்கு வரவில்லை என்றால், அதிகாரிகளுக்குத் தகவல் போகும் முன்பே நாலு படகு தேடக் கிளம்பிவிடும். டீசல் யார் கணக்கு என்று அப்போது யாரும் கேட்பதில்லை. அங்கேயும் முதல் கேள்வி யார் தப்பு என்பதல்ல. எங்கே வலை விட்டான், நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதுதான். பெரியவர் கேட்ட கேள்விகளுக்கும் இதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் விமானத்தைத் தேடுவது படகைத் தேடுவது மாதிரி இல்லை. நம் கரையின் கடல், பார்க்கச் சாது, அடியில் அப்படியல்ல. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் எதிரே கடலடிப் பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. கரையிலிருந்து முப்பது கிலோமீட்டர் போவதற்குள் ஆழம் மளமளவென்று இறங்கிவிடும். ஆபத்து நேரத்தில் செயற்கைக்கோளுக்குக் கூப்பாடு போடும் கருவியின் ரேடியோ அலை தண்ணீருக்குள் எடுபடாது. கடலுக்கடியில் எஞ்சுவது ஒரே குரல். கருப்புப் பெட்டியோடு சேர்த்துப் பொருத்திய ஒலிக் குமிழ், விநாடிக்கு ஒருதரம் ‘டிக்’ என்று 37.5 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி. அதன் மின்கலத்துக்கு அன்றைய உத்தரவாதம் முப்பது நாள். (கருப்புப் பெட்டியின் நிறம் ஆரஞ்சு என்பதை இன்னும் எத்தனை முறை எழுதுவது!)

முப்பது நாள் கெடு ஓடிக்கொண்டிருந்தது. கப்பல்களும் விமானங்களும் கடலைச் சலித்தன. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் சாகர் நிதி வந்தது. கடற்படை தன் நீர்மூழ்கி சிந்துத்வஜை அனுப்பியது. எதிரிக் கப்பலை மோப்பம் பிடிக்கக் கட்டிய கருவியால், இறந்தவர்களின் பெட்டி எங்கே துடிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜூலை முதல் வாரத்தில், கெடு முடியும் தறுவாயில், ஒலி பிடிபட்டது. ரிலையன்ஸின் ஆழ்கடல் கப்பல் ‘ஒலிம்பிக் கேன்யன்’ இயந்திரக் கையைக் கீழே இறக்கி ஜூலை 10-ஆம் தேதி பெட்டியை மேலே கொண்டுவந்தது. கேன்யன் என்றாலே பள்ளத்தாக்கு. பெயர் அப்படி அமைந்துவிட்டது. பிச்சாவரத்துக்கு எதிரே, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழம். விமானம் மறைந்து முப்பத்திரண்டு நாள்.

செய்தி வந்த அன்று பெரியவருக்குப் போன் செய்தேன். “கிடைச்சிடுச்சா” என்றார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மாதத்துக்கு முன் ஈரமில்லாதவர் என்று நினைத்த என்னை நானே நொந்துகொண்டேன்.

பெட்டி கிடைப்பது பெரிய விஷயம். ஒரு வருடம் கழித்து, 2016 ஜூலை 22 காலையில், தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 இருபத்தொன்பது பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. மாதக்கணக்கில் தேடியும் ஒரு துண்டு கிடைக்கவில்லை. சென்னைக் கரையிலிருந்து 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்களை ஆளில்லாத் தானியங்கி நீர்மூழ்கி படம் எடுத்துக் காட்டியது 2024 ஜனவரியில்தான். ஏழரை வருடம். அதுவரைக்கும் அந்த வீடுகளில் திதி கொடுப்பதா வேண்டாமா என்பதே ஒரு கேள்வியாக இருந்திருக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது செந்த்-எக்சுபெரி வராமல் போவாரா? ‘குட்டி இளவரசன்’ என்று க்ரியா வெளியீட்டில் தமிழில் படித்தவர்களுக்கும், லிசே பிரான்சே பள்ளியில் மூலத்திலேயே படித்தவர்களுக்கும் அவர் எழுத்தாளர். அவர் தொழில் விமானம் ஓட்டுவது. பாலைவனத்துக்கும் ஆண்டிஸ் மலைக்கும் குறுக்கே தபால் மூட்டை சுமந்த ஏரோபோஸ்தால் விமானிகளில் ஒருவர். 1930 ஜூனில் தோழர் கியோமே ஆண்டிஸ் பனியில் விழுந்தபோது நாள் கணக்கில் மலைமேல் பறந்து தேடினார். அந்தப் பனியில் மனிதன் பிழைக்க முடியாது என்று ஊரே சொன்னது. கியோமே நடந்தே வந்து சேர்ந்தார். 1936 டிசம்பர் 7 அன்று இன்னொரு தோழர் மெர்மோஸ் அட்லாண்டிக் மேல் பறந்தபோது, பின்பக்க வலது எஞ்சினை நிறுத்துகிறோம் என்று ஒரு வரிச் செய்தி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. அந்தக் கூட்டத்தில் யாராவது வரவில்லை என்றால் யாரும் உடனே அழுததில்லை. பத்து நிமிடத் தாமதம், அரைமணித் தாமதம் என்று கணக்கு நீண்டுகொண்டே போகும், அவ்வளவுதான்.

கடைசியில் செந்த்-எக்சுபெரியும் அப்படியே போனார். 1944 ஜூலை 31 அன்று கோர்சிகாவிலிருந்து உளவுப் படம் எடுக்கக் கிளம்பியவர் திரும்பவில்லை. ஐம்பத்து நான்கு வருடம் கழித்து, மார்செய் அருகே ஒரு மீனவரின் வலையில் அவர் பெயர் பொறித்த வெள்ளிக் காப்பு வந்து மாட்டியது. புளுகு என்று அந்த மனிதரைத் திட்டினார்கள். 2004-இல் விமானப் பாகத்தில் இருந்த வரிசை எண் ஒத்துப்போனது, அவர் விமானம்தான். அங்கேயும் ஒரு மீனவர்தான், பாருங்கள்.

சிறிய விமானம் விழுந்தால் ஊர் நினைவில் நிற்பது பயணியின் பெயர். 2004 ஏப்ரல் 17 அன்று பெங்களூர் ஜக்கூரில் செஸ்னா 180 விழுந்து நாலு பேர் இறந்தார்கள். நமக்கு நடிகை சௌந்தர்யா மட்டும் தெரியும். 1980 ஜூன் 23 அன்று சஞ்சய் காந்தியோடு டெல்லியில் இறந்த பயிற்சியாளர் கேப்டன் சுபாஷ் சக்சேனாவின் பெயரைச் சட்டென்று சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்? பறக்கும் சங்கங்களில் இது தலைகீழ். ஓட்டியவர் யார், யாரிடம் கற்றவர் என்றுதான் கேட்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. பயணிகள் விமானமோ பயிற்சி விமானமோ விழுந்தால் விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு விசாரிக்கும், அறிக்கை வெளியாகும். குற்றம் சாட்டுவது நோக்கமல்ல, இன்னொன்று நடக்காமல் தடுப்பதே நோக்கம் என்று அதன் விதியிலேயே எழுதியிருக்கிறது. அந்த அறிக்கைகளை விமானிகள் வரிவரியாகப் படிக்கிறார்கள். சீருடை விமானம் விழுந்தால் அந்தப் படையே விசாரிக்கும். காகிதம் அலமாரிக்குள் போய்விடும். பாதுகாப்பு ரகசியம் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இரவு, கடல், காற்று, களைப்பு ஆகிய நாலும் ரகசியமா? அதே வானத்தில் பறக்கும் சிவில் விமானிக்கு அவற்றைச் சொன்னால் எந்த எதிரிக்கு லாபம்?

அறிக்கை வெளியானால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2025 ஜூன் 12 அகமதாபாத் விமான விபத்தில் 260 பேர் இறந்தார்கள். முப்பதாம் நாள் வந்த முதற்கட்ட அறிக்கையில், விமானிகள் அறையில் பேசிக்கொண்டது ஒன்றிரண்டு வரியாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு தொலைக்காட்சிகள் இறந்தவர்கள் மேல் தீர்ப்பு எழுதின. விமானிகள் சங்கங்கள் கொதித்தன. முழு ஒலிப்பதிவு வராமல் அரை வாக்கியத்தை வைத்து ஆளைத் தூக்கில் போடாதீர்கள் என்பதுதான் அவர்கள் வாதம். பெரியவர் பத்து வருடம் முன்பு இரண்டு சொல்லில் சொன்னதும் அதுதான்.

2024 ஆகஸ்ட் 18 முதல் புதுச்சேரியில் கடலோரக் காவல்படைக்கென்று தனி விமானத் தளம் இருக்கிறது. பெரியவர் வீட்டு மாடியில் நின்றால் ஓடுபாதைப் பக்கத்து சத்தம் நன்றாகக் கேட்கும். போன மாதம் போயிருந்தபோது மாலை நேரம். ஹெலிகாப்டர் ஒன்று எழும்பிக் கடல் பக்கம் போனது. பேச்சை நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். விட்ட இடத்திலிருந்து அரசியல் பேசினோம், காபி வந்தது, மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபின் கிழக்கிலிருந்து அந்த இரைச்சல் திரும்பி வந்து, வீட்டு மேல் கடந்து, அடங்கியது. மறுபடி ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டினார்.