கடதாசியுள் உறையும் சித்திரம்

கடதாசி என்பது சித்திரத்தைத் தாங்கும் களம் மட்டுமே என்பது பொதுவான எண்ணம். மையும் வண்ணமும் தாளின்மேற் படிகின்றன, நீர் பட்டாற் கரைகின்றன, சுரண்டினால் அகல்கின்றன. ஆயின், தாள் உருவாகும்போதே அதனுடன் ஒன்றாய்ப் பிறக்கும் சித்திரமும் உண்டு. அதனை அழிக்க வேண்டுமாயின் தாளையே அழித்தல் வேண்டும்.

இக்கலைக்கு முன்னோடி நீர்க்குறியாகும். 1282ஆம் ஆண்டளவில் இத்தாலியிலுள்ள பாப்ரியானோ நகரத்தார், கூழை முகக்கும் சல்லடையின்மீது கம்பியை உருவமாக வளைத்துப் பிணைத்தனர். கம்பி நின்ற இடத்திற் கூழ் மெலிந்து படிந்தது. தாளை ஒளிக்கெதிரே பிடித்தபோது உருவம் புலப்பட்டது. நாணயத்தாளின் மெய்ம்மையைச் சோதிப்போர் இன்றும் இம்முறையையே நாடுகின்றனர்.

நீர்க்குறி கூழைக் குறைத்து உருவமைப்பது. நிறக்கூழ்ச் சித்திரமோ கூழைச் சேர்த்து உருவமைப்பது. முதலில் வெண்கூழைச் சல்லடையில் முகந்து, ஈரத்துணியிற் கவிழ்த்து அடித்தாள் அமைக்கப்படும். அது உலருமுன், உருவம் வெட்டப்பெற்ற தகட்டை அதன்மேல் வைத்து, நன்கு அரைத்த நிறக்கூழை வெட்டிடத்தில் மெல்லென வார்ப்பர். நீர் வடிந்தபின் தகட்டை நேராக உயர்த்தி எடுப்பர். ஒவ்வொரு நிறத்துக்கும் வேறு தகடு வேண்டும். இறுதியில் அழுத்தி உலர்த்தினால், அடித்தாளின் நார்களும் நிறநார்களும் ஐதரசன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், பசைக்குத் தேவையில்லை. கூழ் நயமாக அரைபடாவிடின் ஓரம் சிதையும். இரு கூழ்களும் வெவ்வேறளவில் அரைபடின் சமமின்றிச் சுருங்கித் தாள் நெளியும். சாயத்துணியைக் கூழாக்கினால் நிறந் தனியே சேர்க்க வேண்டியதில்லை. வெண்டிக்காயின் வழுவழுப்பு நீர், நார்கள் திரளாது பரவ உதவும்.

1978ஆம் ஆண்டு ஆங்கில ஓவியர் டேவிட் ஹொக்னி, உலோக வரம்புகளுள் நிறக்கூழை வார்த்து நீச்சற் குளங்களைச் சித்திரித்தார். எனினும், மலைநாட்டார் சிறப்பாக அறியவேண்டியவர் வங்கக் கலைஞர் சோமநாத் ஹோர் ஆவார். 1947இல் வட வங்கத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று, தொழிலாளர் வாழ்வைக் குறிப்பேட்டில் வரைந்தவர் அவர். 1970களில் சாந்திநிகேதனத்திலே, களிமண்ணைக் கீறி, அதிலிருந்து சீமெந்து அச்செடுத்து, அதன்மேல் வெண்கூழை அழுத்திக் ‘காயங்கள்’ என்னும் வரிசையை ஆக்கினார். அவற்றுட் பலவற்றில் மையில்லை, நிறமுமில்லை. தாளின் தழும்பே சித்திரமாயிற்று. பஞ்சத்தையும் போரையும் கண்ட ஒருவர், துன்பத்தைத் தாளின்மேல் எழுதாது தாளின் உடலிலேயே பொறித்தார்.

ஊவாவுக்கு இக்கலை எளிதிற் கைகூடும். பதுளையைச் சூழ்ந்த பத்தனாப் புல்வெளிகளில் மானாப்புல் மலிந்துள்ளது. அதனைக் காரநீரில் அவித்து, கழுவி, இடித்தாற் கூழாகும். வாழைத்தண்டின் நாரைக் கலந்தால் உறுதி பெறும். எழுதித் தீர்ந்த அப்பியாசப் புத்தகங்களும், கிழிந்த பருத்திச் சேலைகளும் எஞ்சிய குறையை நிரப்பும். சல்லடைச் சட்டமும் தகடும் தோட்டப் பாடசாலையிலேயே செய்யத்தக்கவை.

மலையக மக்களின் வாழ்வைக் கடதாசியே நெடுங்காலம் ஆட்டிப்படைத்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பத்திரம் இல்லாதோர் பலர், பிறந்த மண்ணிலேயே நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமிடையே பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவுகட்ட முனைந்தது. மையால் எழுதிய ஒரு தாள் இன்மையால் இவ்வளவும் நிகழ்ந்தன. அம்மக்களின் மக்கள், தம் மலைப் புல்லாற் செய்த தாளிலே, தம் பாட்டியின் கொழுந்துக் கூடையை அழியா வண்ணம் பதித்துவைப்பாராயின், அது வெறுங் கைவேலை அன்று. வரலாற்றுச் சான்றாகவே அமையும். சித்திர ஆசிரியர்கள் இதனை மேற்கொள்வது பெரும்பயன் தரும்.